உதறும் மிஷினில் ஏறி நின்றால் எலும்பு உறுதிப்படுமா?



சென்ற மாதம் சம்பளம் போட்ட மறு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக்கு ஒரு வேன் வந்தது. அதிலிருந்து இறங்கிய இரண்டு இளைஞர்கள், கழுத்தில் டை கட்டிக்கொண்டு, ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கினார்கள். எடை பார்க்கும் தட்டைப் போலத்தான் அது இருக்கும், ஆனால் அதைவிடப் பெரிது. அஞ்சடியில் வைத்து, வீட்டுக்குள் இருந்து ஒயர் இழுத்து, சுவிட்சைத் தட்டினால் கிடுகிடுவென்று உதறும். ஏறி நின்றால் உள்ளங்கால் முதல் பல் வரை ஆடும். "பத்து நிமிஷம் நின்னா போதும்மா, ஒரு மணி நேரம் நடந்த மாதிரி. எலும்புத் தேய்மானம் எல்லாம் ஓடிப் போயிடும். ராக்கெட்ல போறவங்களே இதுலதான் நிக்கிறாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். விலை 1,800 வெள்ளி. கையில் பணம் இல்லாவிட்டால் மாதம் 150 வெள்ளியாக 12 மாதம்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெரியம்மா ரத்த அழுத்த மாத்திரை வாங்க மருந்தகத்துக்கு வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். இப்போது வயது 68, எடை 45 கிலோ. மாத்திரையை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். பிறகு சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். "தம்பி, கையெழுத்துப் போட்டுட்டேன். முன்பணம் 150 வெள்ளியும் கொடுத்துட்டேன். மகன் ஏசுறான். நீ சொல்லு, இது எலும்புக்கு நல்லதா, இல்லையா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் டிரெசர். காயம், காய்ச்சல், பாம்புக்கடி, சர்க்கரை என்றால் யோசிக்காமல் கை வேலை செய்யும். இந்த மிஷினைப் பற்றி விளம்பரத்தில் பார்த்ததோடு சரி. "இரண்டு நாள் பொறுங்கள் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, மாதம் இரு முறை எங்கள் தோட்டத்துக்கு வரும் டாக்டரிடம் கேட்டேன். அவர் கொடுத்த மருத்துவக் கட்டுரைகளை இரவில் உட்கார்ந்து படித்தேன். படித்ததை அவருக்குச் சொன்னேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த வேன் எங்கள் தோட்டத்தோடு நின்றுவிடப் போவதில்லை.

முதலில் எலும்பு என்றால் என்ன என்று பார்ப்போம். நம்மில் பலர் எலும்பை வீட்டுத் தூண் மாதிரி நினைக்கிறோம். ஒரு தடவை நட்டால் அப்படியே நிற்கும் என்று. அப்படி இல்லை. எலும்புக்கு உயிர் உண்டு. ஒரு வகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்து எடுத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை உயிரணுக்கள் அந்தப் பள்ளத்தில் புது எலும்பைப் பூசிக்கொண்டே இருக்கும். இளவயதில் பூசுவது அதிகம். முப்பது வயதை ஒட்டிக் கணக்கு சமமாகிறது. அதற்கப்புறம் அரிப்பது கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சுகிறது. பெண்களுக்கு 50 வயதை ஒட்டி மாதவிலக்கு நிற்கும்போது, எலும்பைக் காத்து நின்ற ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைந்துபோகும். அதன் பிறகு வரும் ஐந்து முதல் ஏழு வருஷங்களில் சிலருக்கு எலும்பில் ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடுகிறது. வலி இருக்காது. காய்ச்சல் இருக்காது. கறையான் ஏறிய நிலைக்கதவு வெளியே பெயிண்ட் பளபளப்போடு நிற்கிற மாதிரிதான். மூட்டு வலி என்பது வேறு நோய். அதையும் இதையும் "தேய்மானம்" என்று ஒரே பேரில் சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம். விற்க வருகிறவர்களுக்கு அந்தக் குழப்பம் வசதியாகப் போய்விடுகிறது.

பூசுகிற உயிரணுக்களை வேலைக்கு எழுப்புவது எது? பாரம். எலும்பின்மேல் பாரம் விழுந்தால், "இங்கே பலம் வேண்டும்" என்று எலும்புக்குத் தெரிகிறது. பாரம் இல்லாவிட்டால் எலும்பு கரைகிறது. விண்வெளியில் எடையில்லாமல் மிதக்கிறவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதம் ஒன்றுக்கு 100க்கு 1 முதல் 1.5 பங்கு வரை குறைகிறது. ராக்கெட் கதை இங்கேதான் பிறந்தது. பாரம் தூக்க முடியாதவர்களுக்கு, மெல்லிய அதிர்ச்சியைக் கொடுத்து எலும்பை ஏமாற்றி எழுப்ப முடியுமா என்று ஆராய்ச்சியாளர்கள் யோசித்தார்கள். யோசனை முட்டாள்தனமானது அல்ல. அமெரிக்காவில் கிளிண்டன் ரூபின் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் செம்மறி ஆடுகளின் பின்னங்கால்களைத் தினம் 20 நிமிஷம் மெதுவாக அதிரும் தட்டில் நிற்க வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், தொடை எலும்பின் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பகுதியின் அடர்த்தி 34 விழுக்காடு கூடியிருந்தது. 2001-ஆம் ஆண்டில் இது வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது. வியாபாரிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் ஆடு வேறு, நம் அம்மா வேறு. பெண்களை வைத்துச் சோதித்தபோது என்ன ஆயிற்று? கனடா நாட்டில் டொரொண்டோ நகரத்தில் மாதவிலக்கு நின்ற 202 பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். இரண்டு பிரிவினர் தினமும் 20 நிமிஷம், ஒரு வருஷம், வீட்டிலேயே அதிரும் தட்டில் நின்றார்கள். மூன்றாவது பிரிவினர் நிற்கவில்லை. 2011-இல் முடிவு வந்தது. நின்றவர்கள் எலும்புக்கும் நிற்காதவர்கள் எலும்புக்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் இன்னும் வயதான 174 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2015-இல் வந்தது. அதிலும் எலும்பு அடர்த்தி கூடவில்லை. சிறிய சோதனைகள் சிலவற்றில் இடுப்பு எலும்பு 100க்கு ஒரு பங்கு அளவுக்குக் கூடியதாக வந்ததுண்டு. அதை மட்டும் எடுத்துத்தான் விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

நியாயமாகப் பேசினால், மிஷினுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லித்தான் ஆகவேண்டும். ஹாங்காங்கில் 60 வயதைத் தாண்டிய 710 பெண்களை வைத்து 18 மாதம் ஒரு சோதனை நடந்தது, 2014-இல் வெளியானது. வாரம் ஐந்து நாள், தினம் 20 நிமிஷம் தட்டில் நின்றவர்களில், கீழே விழுந்தவர்களோ எலும்பு முறிந்தவர்களோ 100க்கு 19 பேர். நிற்காதவர்களில் 29 பேர். காலில் சதை பலமும் உடம்பின் சமநிலையும் நின்றவர்களுக்குக் கூடியிருந்தது. ஆனால் அங்கேயும் எலும்பின் அடர்த்தி கூடவில்லை. அதாவது எலும்பு இரும்பாகவில்லை, கால் கொஞ்சம் திடமானது. விழாமல் இருந்தால் முறியாது அல்லவா, அதுவும் ஒரு நன்மைதான். ஆனால் கால் திடமாவதற்கு 1,800 வெள்ளி தேவையா என்பதுதான் என் கேள்வி. பட்டணத்துப் பூங்காவில் விடியற்காலையில் சீனத் தாத்தா பாட்டிமார்கள் மெதுவாகக் கையைக் காலை நீட்டித் தாய்ச்சி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்கிறவர்களும் விழுவது குறைகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதற்குக் காசு இல்லை.

இன்னொரு விஷயம். அந்தச் சோதனைகளில் பயன்பட்ட தட்டு மிக மென்மையாக அதிர்வது. வினாடிக்கு 30 தடவைக்கு மேல் அதிரும், ஆனால் ஏறி இறங்கும் தூரம் ஒரு மயிரிழை, இரண்டு மயிரிழை கனம்தான். நின்றால் லேசாகக் கூசும், அவ்வளவுதான். நம் அஞ்சடிக்கு வந்த மிஷினோ பல் ஆடுகிற அளவுக்கு உதறுகிறது. அது வேறு, இது வேறு. சோதனை ஒரு மிஷினில், விற்பனை இன்னொரு மிஷின்.

ஒரு டிராக்டர் டிரைவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா எனக்கு எலும்பு எஃகா இருக்கணுமே ஐயா, நான் நாள் பூரா குலுங்குறேனே" என்றார். வேடிக்கையாகச் சொன்னாலும் நல்ல கேள்வி. வருஷக்கணக்கில் டிராக்டர் குலுக்கலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதுகுவலி அதிகம் என்பதுதான் தெரிந்த உண்மை. அதனால்தான் வேலையிடத்தில் குலுக்கலுக்கு அளவு வைத்திருக்கிறார்கள். குலுங்குவதெல்லாம் மருந்தாகிவிடாது.

சிலர் அந்த உதறும் மிஷினில் ஏறவே கூடாது. ஏற்கனவே முதுகெலும்பு நொறுங்கியவர்கள், சமீபத்தில் எலும்பு முறிந்தவர்கள், இடுப்பிலோ முழங்காலிலோ செயற்கை மூட்டு வைத்தவர்கள், இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் ரத்தக்கட்டி உள்ளவர்கள், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறாதீர்கள். கண் புரை எடுத்து உள்ளே லென்ஸ் வைத்தவர்களும் கவனிக்க வேண்டும்; இப்படிப்பட்ட மிஷினில் நின்றபிறகு அந்த லென்ஸ் இடம் நகர்ந்துபோனதாக மருத்துவ ஏட்டில் பதிவு உண்டு. இந்தப் பட்டியலைப் பார்த்தால், நம் தோட்டத்தில் எழுபது வயதில் மிச்சம் யார் இருக்கிறார்கள்?

இனி என் சொந்தக் கதை ஒன்று. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன்.

என் அம்மாவும் பால்மரம் சீவியவர்தான். நான் சின்னப் பையனாக இருந்தபோது அவர் இரண்டு வாளிப் பாலைக் காண்டாவில் மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்காட்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது அவருடைய எலும்புக்கு எந்த மிஷினும் தேவைப்படவில்லை. பிறகு மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். அம்மா வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தார். "இவ்வளவு நாள் உழைச்சது போதும், நீங்க ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது" என்று நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சொன்னோம். பாசத்தில் சொன்னதுதான். 2012-இல், 58 வயதில், வாசல்படியில் தடுக்கிக் கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து முறிவது நல்ல எலும்புக்கு நடக்கிற காரியம் அல்ல. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டுப் போட்டு வந்தேன். ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். கை கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் முறிந்தது என்று நான் கேட்கவில்லை. மருத்துவ வேலை பார்க்கிற நானே கேட்கவில்லை. 2018-இல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருஷத்துக்குள் போய்விடுகிறார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அடுத்த தீபாவளிக்கு அம்மா இல்லை.

ஆகவே உங்கள் வீட்டில் 50 வயதைத் தாண்டிய யாருக்காவது லேசாக விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தால், கட்டுப் போட்டதோடு விடாதீர்கள். உயரம் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வருஷத்துக்கு ஒரு தடவை அளக்கலாம். இளவயது உயரத்திலிருந்து நாலு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்து, முதுகு கூன ஆரம்பித்தால், வலி இல்லாமலே முதுகெலும்பு நொறுங்கியிருக்கலாம். நாம் அதை "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம்.

ஆசியப் பெண்களுக்காகவே கண்டுபிடித்த ஒரு எளிய கணக்கும் உண்டு. பென்சில்கூட வேண்டாம். உங்கள் வயதிலிருந்து உங்கள் எடையைக் கிலோவில் கழியுங்கள். மிச்சம் 20க்கு மேல் வந்தால் எலும்பு மெலிந்திருக்கும் ஆபத்து அதிகம். 5-லிருந்து 20-க்குள் வந்தால் நடுத்தரம். அதற்கும் கீழே என்றால் ஆபத்து குறைவு. நம் பெரியம்மாவுக்கு 68-இல் 45 போனால் 23. அவர் மிஷினுக்குப் போக வேண்டியவர் அல்ல, டாக்டரிடம் போக வேண்டியவர். இந்தக் கணக்கு மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு மட்டும்தான். ஆண்கள் இதைப் போட்டுப் பார்த்துக் கவலைப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். கணக்கு ஒரு எச்சரிக்கை. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் எலும்பு அடர்த்திப் படம் எடுக்க வேண்டும். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்துக் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். பேரங்காடியில் பால்மாவு விற்கும் இடத்தில் குதிகாலை வைத்து இலவசமாகப் பார்க்கிறார்களே, அதை மட்டும் நம்பிப் பயந்துவிடாதீர்கள், நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள்.

சரி, எலும்புக்கு உண்மையில் பலன் தருவது எது? மறுபடியும் பாரம்தான். ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தார் எலும்பு மெலிந்த, 58 வயதைத் தாண்டிய 101 பெண்களை வைத்துச் செய்த சோதனை 2018-இல் வெளியானது. ஒரு பிரிவினர் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கனமான எடையைத் தூக்கி இறக்கினார்கள். தொங்கிக் குதித்து ஊன்றி நின்றார்கள். எட்டு மாதத்தில் கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த பிரிவினருக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. இதைப் படித்துவிட்டு நாளைக்கே அரிசி மூட்டையைத் தூக்கிவிடாதீர்கள். அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றினார்கள், பக்கத்தில் ஆள் நின்றது. ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். வயதான எலும்பும் பாரத்துக்குப் பதில் சொல்கிறது.

நம் வீட்டில் செய்யக்கூடியது இதுதான். கையில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். பிள்ளையார் கோயிலில் போடும் தோப்புக்கரணத்தின் பாதி அது. முதல் வாரம் ஐந்து தடவை, பிறகு எட்டு, பத்து என்று ஏற்றுங்கள். பத்து சுலபமானால் இரண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். அடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, 'தொம்' என்று இறக்குங்கள். அந்த அதிர்ச்சி இடுப்பு வரை போகும். உங்களுக்கு வேண்டிய அதிர்ச்சி அதுதான், மின்சாரம் தேவையில்லை. பிறகு சுவரில் விரலை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள். வாசல்படியில் ஏறி இறங்குங்கள். கால்வாளித் தண்ணீரை இரண்டு கையிலும் சமமாகத் தூக்கிச் செடிக்கு ஊற்றுங்கள். இவ்வளவுக்கும் இருபது நிமிஷம் ஆகாது. நடப்பது இருதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, ஆனால் எலும்பைக் கூட்ட அது மட்டும் போதாது. முதுகெலும்பு நொறுங்கியவர்கள் முதுகை வளைத்துக் குனிந்து எதையும் தூக்கக் கூடாது. அவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அம்மாவின் கையிலிருந்து எல்லா வேலையையும் பிடுங்கிவிடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது நம் நாட்டுச் சத்துணவு அளவு. ஒரு குவளைப் பாலில் 250 முதல் 300 வரை கிடைக்கும். தேநீரில் ஊற்றும் கட்டிப் பால் கணக்கில் வராது, அது பெரும்பாலும் சீனி. கேழ்வரகு 100 கிராமில் ஏறக்குறைய 350 இருக்கிறது. கூழ் காய்ச்சத் தெரிந்த கைகள் இன்னும் தோட்டத்தில் இருக்கின்றன. தவ்கு, முருங்கைக்கீரை, டின் சார்டின் மீனை முள்ளோடு. நெத்திலியைப் பிளந்து முள்ளை எடுத்து எறிகிறோமே, சத்து அந்த முள்ளில்தான். தலையை மட்டும் கிள்ளிவிட்டு முள்ளோடு வதக்குங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புப் போகத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசிக்கொள்ளுங்கள். வைட்டமின் டி வெயிலில் கிடைப்பது. வேலைக்காட்டில் இருந்தவரை குறை இல்லை. ஓய்வு பெற்று டிவிக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு, அல்லது பட்டணத்து அடுக்குமாடியில் மகன் வீட்டுக்குப் போன பிறகுதான் குறைகிறது. காலை வெயிலில் கையும் காலும் படக் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. இரவுச் சந்தையில் முட்டுவலிக்கு என்று பொட்டலத்தில் விற்கும் ஜாமு மாத்திரைகள். சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் பூரிக்கும். "நல்லா சதை போட்டுட்டேன் தம்பி" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். இப்படிப்பட்ட மாத்திரைகள் பலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு மாதக்கணக்கில் உள்ளே போனால் எலும்பை அரித்துவிடும், சர்க்கரையை ஏற்றிவிடும். நெடுநாள் சாப்பிட்டவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரையோடு டாக்டரிடம் வாருங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். உதறும் மிஷினைவிட இந்தப் பொட்டலத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

எலும்பு மெலிந்துவிட்டது என்று படத்தில் தெரிந்தால் அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. வாரம் ஒரு மாத்திரை என்று அதிகமாகக் கொடுப்பது அலெண்ட்ரோனேட். முறிவுகளைக் குறைக்கும் என்று நிரூபணமானது. ஆனால் சாப்பிடும் முறை தவறினால் நெஞ்சுக்குழாய் புண்ணாகும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய குவளை பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், வேறு எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தேநீரோடு போடக் கூடாது, பாலோடு போடக் கூடாது. பல் பிடுங்கப் போனால் இந்த மருந்து சாப்பிடுவதைப் பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் விழுகிற இடம் பெரும்பாலும் குளியலறையும் பின்கட்டும்தான். பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள், பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாயைச் சுவரில் அடியுங்கள், ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும், தேய்ந்த ஜப்பான் சிலிப்பரைத் தூக்கி எறியுங்கள். எங்கள் அம்மா விழுந்த அன்று காலில் இருந்தது அப்படி ஒரு சிலிப்பர். இன்னும் வேலையில் இருக்கும் தாய்மார்கள் உதிரிப்பழம் பொறுக்கும்போதோ வேலைக்கு வரும் வழியிலோ விழுந்தால், "லேசான சுளுக்குதானே" என்று மறைக்காமல் அன்றைக்கே மண்டோரிடமும் மருந்தகத்திலும் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு முறிவு என்று தெரிந்தால் சொக்சோவுக்கு எழுத அந்தப் பதிவுதான் சாட்சி.

பெரியம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். வீடு தேடி வந்து விற்ற சாமானை, கையெழுத்துப் போட்ட சில நாட்களுக்குள் வேண்டாம் என்று எழுத்தில் ரத்து செய்ய 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் இடம் தருகிறது. நாள் கடந்தால் அந்த உரிமை போய்விடும். ஆகவே இப்படி யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே தாளை எடுத்துக்கொண்டு சங்கக் கிளைச் செயலாளரிடம் போங்கள். எங்கள் கிளைச் செயலாளர் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மூன்று தடவை போனும் பேசினார். மிஷினை எடுத்துக்கொண்டு போனார்கள், 150 வெள்ளியும் திரும்பி வந்தது. எதிர் லயத்தில் ஒருவர் ரொக்கமாகவே வாங்கிவிட்டார். அது இப்போது தண்ணீர்க் குடம் வைக்கிற பலகையாக இருக்கிறது. பெரியம்மாவுக்கு அடுத்த மாதம் எலும்புப் படம் எடுக்கத் தேதி கிடைத்திருக்கிறது. அதுவரை தினமும் நாற்காலியில் எழுந்து உட்காருகிறார். "ஏழு வந்துட்டேன் தம்பி" என்று நேற்றுச் சொன்னார்.

எங்கள் மருந்தகத்தில் எடைத் தராசை வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன். செவ்வாய், வியாழன் மாலை 4 மணிக்குமேல் வந்தால் எடை பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். மற்றத் தோட்டத்துத் தாய்மார்கள் உங்கள் டிரெசரிடம் இந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள். வரும்போது பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் கொண்டு வாருங்கள். சந்தையில் வாங்கிய மாத்திரைப் பொட்டலம் இருந்தால் அதையும் கையோடு எடுத்து வாருங்கள்.